கோடு போட்டால் யார் மிச்சம்?

வியாசர்பாடியில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்தில் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு தலைப்பை எடுத்துப் பேசுவோம். பேசிவிட்டுக் கலைந்து போவது கிடையாது. கடைசியில் கை தூக்கி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும் என்பது ஆரம்பத்தில் இருந்தே விதி. இந்த மாதத் தலைப்பு: மொழியால் இரண்டுபட்டுக் கிடக்கும் ஒரு நாடு என்ன செய்யலாம்? எல்லார் தலையிலும் ஒரே மொழியைக் கட்டலாம். ஆளுக்கொரு பகுதியைக் கொடுத்துவிட்டு ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். வாக்கெடுப்பு வைத்துப் பார்க்கலாம். சண்டை இல்லாமல் பாகம் பிரித்துக்கொண்டு போகலாம். இந்த நான்கில் எதற்குக் கை தூக்குவது? "பெல்ஜியத்தைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும்ணா" என்று வாயைக் கொடுத்தேன். ஒப்பிட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

எழுத உட்கார்ந்ததும் முதல் சிக்கல், எந்தப் படிக்கல்லை வைத்து நிறுப்பது என்பது. வரி வருமானம், ராணுவம், வளர்ச்சி என்று அளப்பவர்கள் உண்டு. நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். எங்கே கோடு போட்டாலும் தப்பான பக்கத்தில் கொஞ்சம் பேர் நின்றுவிடுவார்கள். அவர்கள் கதி என்ன?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்தில் இருந்து வரவில்லை. என் ஆயா ரங்கூனில் பிறந்தவர். பர்மாவில் நே வின்னின் ராணுவ ஆட்சி கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கிய 1960களில் கிளம்பி வந்த தமிழர்களில் ஒரு பகுதிக்கு வியாசர்பாடியில்தான் இடம் கிடைத்தது. கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை முளைத்ததும், பர்மா பஜாருக்கு அந்தப் பேர் வந்ததும் அவர்களால்தான். வடக்கே கொஞ்சம் போனால் புழலில் ஈழத் தமிழர் முகாம். இன்னும் போனால் கும்மிடிப்பூண்டியில் ஒன்று. ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. யார் யாரோ எங்கெங்கோ போட்ட கோடுகளில் மிச்சப்பட்டவர்கள் வந்து சேர்ந்த ஊர் இது.

சரி, முதல் வழி. ஒரே மொழி. இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை, செய்து பார்த்த இரண்டு நாடுகள் நம் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன. 1948 மார்ச்சில் டாக்காவுக்கு வந்த ஜின்னா, பாகிஸ்தானின் ஆட்சிமொழி உருது மட்டும்தான் என்றார். அன்றைய பாகிஸ்தானில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பேசியது வங்காளி. 1952 பிப்ரவரி 21இல் டாக்காவில் மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 அரசமைப்பில் வங்க மொழிக்கும் சம இடம் கொடுத்தார்கள், ஆனால் அதற்குள் மொழிச் சண்டை அதிகாரச் சண்டையாகவும் பணச் சண்டையாகவும் வளர்ந்துவிட்டது. 1971இல் வங்கதேசம். அந்தக் கோட்டிலும் மிச்சப்பட்டவர்கள் உண்டு. பிரிவினையின்போது அங்கே குடியேறிய, உருது பேசும் பீகாரிகள் எந்த நாட்டுக் குடிமக்களும் இல்லாமல் டாக்காவின் முகாம்களில் அடைந்து கிடந்தார்கள். அவர்கள் வங்கதேசக் குடிமக்கள்தான் என்று அந்நாட்டு நீதிமன்றம் சொல்லி முடிக்க 2008 ஆனது.

இலங்கைக் கதை நமக்குத் தெரிந்ததுதான். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று நாடாளுமன்றத்திலேயே எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா, அவர் சிங்களவர், இடதுசாரி. 1957இல் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம், அடுத்த வருடமே அது கைவிடப்பட்டது. 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1983 கலவரம். தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்தில் எழுதியபோது 31 வருடம் தாமதமாகியிருந்தது. இதில் பலர் கவனிக்காமல் விடுவது தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழரை. 1948 குடியுரிமைச் சட்டத்தில் அவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியை அப்புறம் பார்ப்போம் என்று மூட்டைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டார்கள். வட்டுக்கோட்டையில் கேட்ட தனி ஈழத்தின் எல்லைக்குள்ளும் தேயிலைத் தோட்டங்கள் வரவில்லை; மலையகத் தலைவர் தொண்டமான் அந்தத் தீர்மானத்தோடு ஒத்துப்போகவும் இல்லை. ஒற்றை நாட்டின் கணக்கிலும் அவர்கள் மிச்சம், தனி நாட்டின் கணக்கிலும் மிச்சம்.

ஆக, முதல் வழியை ஒதுக்கியாயிற்று. இரண்டாவதில்தான் எனக்கு ருசி அதிகம். பெல்ஜியம் என்றதும் படிப்பகத்தில் ஒரு தம்பி, "அங்க சாக்லெட்டுதானே இருக்கு, சண்டை வேற இருக்கா?" என்றான். இருக்கிறது.

1830இல் பெல்ஜியம் தனி நாடானபோது ஆட்சி, நீதிமன்றம், உயர்கல்வி எல்லாம் பிரெஞ்சில். வடக்கே பிளாண்டர்ஸில் சாதாரண ஜனங்கள் பேசியது டச்சு. இன்றைக்கு நாட்டில் ஏறத்தாழ 60 விழுக்காடு அவர்கள்தான். சட்டங்களின் டச்சு வடிவத்துக்குச் சம மதிப்பு கிடைத்ததே 1898இல். டச்சில் ஒரு முழுப் பல்கலைக்கழகம் வேண்டும் என்பதற்கு கென்ட் நகரம் 1930 வரை காத்திருந்தது. தெற்கே வலோனியாவில் நிலக்கரியும் உருக்காலையும் ஓடிக்கொண்டிருந்தவரை பணமும் பிரெஞ்சுப் பக்கம்தான். பிறகு சுரங்கங்கள் மூடின, வடக்கே தொழில் பெருகியது, காற்று திசை மாறியது. எங்கள் வரியில் தெற்கு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்ற பேச்சு வடக்கே கிளம்பியது. (நம் டீக்கடையில் ஜிஎஸ்டி பங்கு பற்றிப் பேசும்போது கேட்கிற குரல்தான். இங்கே திசை மட்டும் தலைகீழ்.)

1962, 63இல் சட்டம் போட்டு நாட்டின் குறுக்கே மொழி எல்லைக்கோடு இழுத்தார்கள். வடக்கே டச்சு, தெற்கே பிரெஞ்சு, கிழக்கோரம் கொஞ்சம் ஜெர்மன், பிரஸ்ஸல்ஸ் மட்டும் இருமொழி. 1968இல் லூவன் நகரத்துச் சண்டை. 1425இல் தொடங்கிய பழம்பெரும் பல்கலைக்கழகம், கோட்டுக்கு டச்சுப் பக்கம் இருந்தது. அதில் ஒரு பிரெஞ்சுப் பிரிவும் இருந்தது. வலோன்களே வெளியேறுங்கள் என்று மாணவர்கள் தெருவில் இறங்க, மத்திய அரசே கவிழ்ந்தது. பிரெஞ்சுப் பிரிவுக்காகத் தெற்கே ஒரு புது ஊரையே கட்டினார்கள். நூலகத்தைப் பிரித்த கதைதான் உச்சம். புத்தக எண் ஒற்றைப்படை என்றால் இங்கே, இரட்டைப்படை என்றால் அங்கே. எங்கள் படிப்பகத்துக் கலைக்களஞ்சியத்தை இப்படிப் பிரித்தால் இரண்டாம் பாகத்தைத் தேடி அடுத்த ஊருக்கு பஸ் ஏற வேண்டும்.

இதை எல்லாம் படித்தால் கேலிக்கூத்து என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 1970இல் தொடங்கி ஆறு முறை அரசமைப்பை மாற்றி, 1993இல் கூட்டாட்சி என்று வெளிப்படையாக எழுதி, அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார்கள். மத்திய அமைச்சரவையில் பிரதமரை விட்டுவிட்டு எண்ணினால் இரு மொழிக்காரர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். 2010 தேர்தலுக்குப் பிறகு 541 நாள் முழு அதிகாரத்தோடு ஓர் அரசு அமையவில்லை; அப்போதும் பள்ளிக்கூடம் நடந்தது, ஓய்வூதியம் வந்தது, ஏனென்றால் அன்றாட விவகாரம் பாதிக்கு மேல் மத்திய அரசின் கையில் இல்லை. பிளாண்டர்ஸ் தனிக் குடியரசாக வேண்டும் என்பதைக் கொள்கையாக எழுதி வைத்திருக்கும் கட்சியின் பார்ட் டே வேவர் 2025 பிப்ரவரியில் பெல்ஜியத்தின் பிரதமர் ஆனார். பிரிவினை பேசுகிறவரே நாட்டின் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய நிலை. இத்தனை வருடப் பிணக்கில் பெரிய அளவில் ரத்தம் சிந்தவில்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

குறையும் அதே அளவு இருக்கிறது. பெரிய கட்சிகள் மொழிவாரியாக உடைந்துவிட்டன. பிரெஞ்சுக்காரரிடம் வாக்குக் கேட்டு நிற்க வேண்டிய அவசியம் டச்சுக் கட்சித் தலைவர்களுக்கு அநேகமாக இல்லை. என் படிக்கல்லில் வைத்தால் பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள ஆறு சிற்றூர்கள் மாட்டுகின்றன. அவை சட்டப்படி டச்சுப் பகுதி, குடியிருப்பவர்களில் பெரும்பான்மை பிரெஞ்சு. அலுவலகக் காகிதங்களைப் பிரெஞ்சில் பெற அவர்களுக்குச் சட்டத்தில் சலுகை உண்டு. ஆனால் 1997இல் பிளாண்டர்ஸ் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது: கேட்டால் கொடுப்போம், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும். ரேஷன் கடையில் மாதா மாதம் போய் நான் இந்தத் தெருக்காரன்தான் என்று மனு எழுதிக் கொடுப்பது மாதிரி. இதற்காக வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. மிச்சப்பட்டவர்களை யாரும் அடிக்கவில்லை, துரத்தவில்லை. நீ விருந்தாளி என்று ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாவது வழிக்குக் கனடா. பிரெஞ்சு பேசும் கியூபெக் மாநிலம் பிரிவதா என்று 1980இல் ஒரு வாக்கெடுப்பு, பிரிவினைக் கட்சிக்குத் தோல்வி. 1995 அக்டோபர் 30இல் மறுபடி. 93 விழுக்காட்டுக்கு மேல் மக்கள் வந்து வாக்குப் போட்டார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.58 விழுக்காடு, வேண்டும் என்றவர்கள் 49.42. நூலிழை. அந்த இரவு கியூபெக்கின் முதலமைச்சர் பாரிசோ, பணமும் குடியேறிய இனத்தவரின் வாக்கும் எங்களைத் தோற்கடித்துவிட்டன என்று மேடையில் சொன்னார், மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார். வாக்கெடுப்பு என்ற வழியின் ஆபத்து அந்த ஒரு பேச்சில் தெரிகிறது. எண்ணிக்கை நெருக்கமாக இருந்தால் தோற்ற பக்கம் முதலில் விரல் நீட்டுவது மிச்சப்பட்டவர்களை நோக்கித்தான்.

ஆனால் மிச்சப்பட்டவர்களே எழுந்து நின்ற காட்சியும் அங்கே உண்டு. அதே மாதம் வடக்கு கியூபெக்கின் கிரீ பழங்குடியினர் தாங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தி, 96 விழுக்காடு பேர் கனடாவோடுதான் இருப்போம் என்றார்கள். கியூபெக் கனடாவில் இருந்து பிரியலாம் என்றால் நாங்கள் ஏன் கியூபெக்கில் இருந்து பிரியக் கூடாது என்பது அவர்கள் கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் யாரிடமும் இல்லை. 1998இல் உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழி சொன்னது: தன்னிச்சையாகப் பிரிந்து போக முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை வந்தால் மற்றவர்கள் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். இரண்டு வருடம் கழித்து நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. கதவு திறந்திருக்கிறது, தாழ்ப்பாள் எங்கே என்பதும் எழுதி வைத்திருக்கிறது. கியூபெக்குக்காரர் பலர் இதைத் தாழ்ப்பாளாக மட்டும்தான் பார்த்தார்கள். எனக்கு அது மோசமான ஏற்பாடாகத் தெரியவில்லை.

சுமூகப் பிரிவுக்கு எல்லாரும் காட்டுவது செக்கோஸ்லோவாக்கியா. 1992 டிசம்பர் 31 நள்ளிரவோடு ஒரு நாடு முடிந்து, விடிந்தால் இரண்டு. சொத்து பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று என்று மக்கள்தொகைக் கணக்கில் பிரிந்தது. பழைய பண நோட்டில் ஒட்டுவில்லை ஒட்டிக் கொஞ்ச காலம் ஓட்டினார்கள். நாகரிகமான பாகப்பிரிவினைதான், மறுக்கவில்லை. ஆனால் வாக்கெடுப்பு கிடையாது, இரண்டு தலைவர்கள் பேசி முடித்த காரியம். இரண்டு மொழிகளும் ஒருவருக்கொருவர் புரிகிற அளவு நெருக்கம். பங்கு போட முடியாத ஒரு பிரஸ்ஸல்ஸ் நடுவில் இல்லை. பிராக் இந்தப் பக்கம், பிராட்டிஸ்லாவா அந்தப் பக்கம். இவ்வளவு வசதி இருந்தும் மிச்சம் விழுந்தது: செக் பகுதியில் பிழைக்க வந்து தங்கியிருந்த ரோமா மக்கள் பலர், புதிய குடியுரிமைச் சட்டத்தின் நிபந்தனைகளால் எந்த நாட்டிலும் பேர் இல்லாமல் நின்றார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். பிரஸ்ஸல்ஸ் சிக்கலை நாம் பார்க்காதவர்கள் இல்லை. 1950களில் நம்முடைய பிரஸ்ஸல்ஸ் மெட்ராஸ்தான். தெலுங்கர்கள் ‘மதராஸ் மனதே’ (மெட்ராஸ் நமதே) என்றார்கள். தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று ம.பொ.சி. தெருத்தெருவாகப் போனார். மெட்ராஸை விட்டுக்கொடுத்தால் ஆந்திரம் அமையலாம் என்று நேரு, பட்டேல், பட்டாபி குழு சொன்னது ஆந்திரர்களுக்குக் கசந்தது. பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திரம் கேட்டு இதே ஊரில் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15இல் இறந்தார். 1953 அக்டோபர் 1இல் கர்நூலைத் தலைநகராக வைத்து ஆந்திரம் பிறந்தது. திருப்பதி அந்தப் பக்கம் போனது. திருத்தணி 1960இல் இந்தப் பக்கம் வந்தது. நகரி, புத்தூரில் தமிழர்கள் மிச்சம். ராயபுரத்தில் தெலுங்கர்கள் மிச்சம். ஆனால் யாரும் நாடற்றவர் ஆகவில்லை. நெல்லூரில் கல்யாணம் என்றால் ரயில் ஏறிப் போய் வந்தார்கள், பாஸ்போர்ட் கேட்கவில்லை. என் ஆயாவுக்கு ரங்கூனுக்கு அப்படிப் போய்வரக் கொடுத்து வைக்கவில்லை. கோட்டை நாட்டுக்குள் போடுவதற்கும் நாட்டுக்கே போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு யாரும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சுவிட்சர்லாந்தும் இதையே செய்தது. ஜெர்மன் பேசும் பெர்ன் மாநிலத்தில் இருந்து பிரெஞ்சு பேசும் ஜூரா பிரிந்து, 1979இல் தனி மாநிலம் ஆனது, நாடு உடையாமல். எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஊர் ஊராக வாக்கெடுத்தார்கள். மூத்தியே என்ற சிற்றூர் நாற்பது வருடம் கழித்து 2021இல் மனம் மாறி, 2026 ஜனவரி 1 முதல் ஜூராவுக்குப் போனது. கோடு ஒருமுறை போட்டால் போட்டதுதான் என்று இல்லாமல் திருத்திக்கொள்ளவும் இடம் வைத்தார்கள். ஒரே மொழி பேசியும் தெற்கு ஜூரா பெர்னோடு தங்கிவிட்டது, மத வழக்கம் வேறு. நம் பக்கத்தில் 2014இல் தெலுங்கானா பிரிந்ததையும் சேர்த்துப் பார்த்தால், மொழி மட்டுமே மனிதரைச் சேர்த்துக் கட்டிவிடாது என்பது தெரியும்.

பிரிவினை பேசுவதையே சட்டத்தால் தடுக்கலாமே என்று யாராவது ஞாயிற்றுக்கிழமை கேட்பார்கள். இதற்கு இரண்டு உதாரணம் வைத்திருக்கிறேன். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்த திமுகவின் முதல் பொதுக்கூட்டத்தை இன்னும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அன்றைக்குக் கட்சி கேட்டது திராவிட நாடு. 1962 மே மாதம் மாநிலங்களவையில் அண்ணா அதையே கேட்டார். சீனப் போர் வந்தது. 1963இல் 16ஆம் திருத்தம், நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு உறுதிமொழி எடுக்காதவர் தேர்தலில் நிற்க முடியாது என்றது. திமுக கோரிக்கையைக் கைவிட்டது. சரியாக இருபது வருடம் கழித்து இலங்கையில் 6ஆம் திருத்தம், கிட்டத்தட்ட அதே மாதிரி உறுதிமொழி. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் எடுக்க மறுத்து நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். பேசக்கூடியவர்கள் வெளியே போன பிறகு துப்பாக்கி மட்டும் மிஞ்சியது.

ஒரே மருந்து, ஒரு இடத்தில் பிழைப்பு, ஒரு இடத்தில் சாவு. ஆகவே பிழைக்க வைத்தது மருந்து இல்லை. இங்கே 1965இல் இந்தி எதிர்ப்பில் ஊரே எரிந்த பிறகு, 1967இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி ஆங்கிலம் தொடரும் என்று எழுத்தில் கொடுத்தார்கள். தடைக்குப் பயந்து கோரிக்கையை விட்ட கட்சி அதே வருடம் தேர்தலில் ஜெயித்துக் கோட்டைக்குப் போனது. 1968இல் இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. மூலக்கொத்தளம் சுடுகாட்டில், இந்தியை எதிர்த்துச் சிறை போய் 1939இல் பிணமாக வந்த நடராசனும் தாளமுத்துவும் கிடக்கிறார்கள். அவர்கள் எதற்காகப் போனார்களோ அதில் பாதியாவது தில்லியோடு இருந்துகொண்டே கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் 16ஆம் திருத்தம் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதனால் என் கை இரண்டாவது வழிக்குத்தான், ஆனால் பெல்ஜியத்து அச்சில் அல்ல. நாட்டுக்குள் கோடு போடு, ஜூரா போலத் திருத்த இடம் வை, கட்சிகள் கோட்டைத் தாண்டி வாக்குக் கேட்க வேண்டிய தேர்தல் முறையாகப் பார்த்துக்கொள், பிரியும் கதவுக்குக் கனடா போல விதி எழுது. அந்த விதியில் கிரீ மக்களுக்கும் ஒரு வரி வேண்டும். செக்கோஸ்லோவாக்கியா வழிக்கு நான் கை தூக்க வேண்டுமானால், பங்கு போட முடியாத ஊர் நடுவில் இருக்கக் கூடாது, யாரும் குடியுரிமை இழக்கக் கூடாது. அப்படி ஒரு நாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதை எழுதி முடித்து, படிப்பகத்தில் தினமும் பேப்பர் பார்க்க வரும் பெரியவரிடம் காட்டினேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், மூன்று தலைமுறையாகப் பழைய வண்ணாரப்பேட்டை. கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்: "இன்னாப்பா, பெல்ஜியத்துக்காரன் ஒவ்வொரு வாட்டியும் கேக்க வெக்கிறான்னு எழுதிக்கிற. நம்மாளு வெக்கலியா?" 2006இல் வந்த தமிழ் கற்பித்தல் சட்டத்தைச் சொல்கிறார். எல்லாப் பள்ளியிலும் பத்தாவது வரை தமிழ் கட்டாயம் என்ற சட்டம். எனக்கு அது நியாயமான சட்டம்தான். ஆனால் தெலுங்கு, உருதுப் பள்ளிகள் பத்தாவது தேர்வில் விலக்குக் கேட்டு நீதிமன்றப் படி ஏறியதும், விலக்கு ஒவ்வொரு வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கிடைத்ததும் உண்மை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேள் என்ற சுற்றறிக்கைக்கும் இதற்கும் தூரம் எவ்வளவு என்று என்னால் அவருக்குச் சொல்ல முடியவில்லை.

"ரெண்டாவதுக்குத்தான் நானும் கை தூக்குவேன்" என்றார். "ஆனா மிச்சம் நிக்கிறவன் ஒரு வாட்டி கேட்டா போதும்னு மொதல்ல போர்டுல எழுது. அப்பறம் கையை எண்ணு."

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். நாலரைக்கே போய்க் கரும்பலகையில் அந்த வரியை எழுதிவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.